மூன்றாவது பொட்டலம்

சமயநல்லூர்ப் பக்கம் கருத்தக்கண்ணனுக்கு மெக்கானிக் என்ற பட்டத்தை ஊர் கொடுக்கவில்லை, அவராகவே சூட்டிக்கொண்டார். எழுபத்தெட்டாம் வருஷம் கிணற்றுக்கு மோட்டார் வந்த நாளிலிருந்து கையில் ஒரு ஸ்பேனர். அதைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம்.

ஓர் ஆடி மாதம் நெல் பால்பிடித்து நின்ற நேரத்தில், காற்றில் மின்கம்பி அறுந்தது. லைன்மேன் பேச்சிமுத்து வந்து கட்டிவிட்டுப் போனார். கருத்தக்கண்ணன் சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஓடியது, தண்ணீர் வரவில்லை. நாலு நாளில் பாய்ச்சாவிட்டால் அத்தனையும் பதர். வீட்டுக்கு வருஷச் சோறே அதுதான்.

“பெல்ட்டு மாறி ஓடுற மாதிரி இருக்குங்க,” என்றாள் கஞ்சி கொண்டுவந்த மனைவி ஒச்சாயி.

“ஆமா, இவ எஞ்சினியருக்குப் படிச்சவ. சட்டியை வச்சிட்டுப் போ.”

அவருக்குச் சந்தேகம் இரண்டே இரண்டு. ஒன்று, கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கும் வால்வு, இல்லையென்றால் குழாய். முனியாண்டி கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார். சிவப்பு அரளி வந்தால் வால்வு, வெள்ளை அரளி வந்தால் குழாய் என்று இரண்டு பொட்டலம் மடித்துச் சாமி முன் போட்டார். பூசாரி எடுத்த பொட்டலத்தில் சிவப்பு. கிணற்றில் இறங்கி வால்வை மாற்றினார். தண்ணீர் இல்லை. சாமி ஏதோ ஞாபகத்தில் சொல்லியிருக்கும் என்று குழாயையும் மாற்றினார். அப்படியும் வரவில்லை. மூன்று நாள் போயிற்று. வயல் வெடித்துவிட்டது.

உடம்பெல்லாம் சேறோடு மோட்டார் ரூமில் உட்கார்ந்தவருக்கு அழுகை முட்டியது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அப்போதுதான் ஓடுகிற மோட்டாரின் பெல்ட்டைப் பார்த்தார். அது எதிர்ப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆள் விட்டதும் பேச்சிமுத்து ஓடி வந்தார். “நான் கட்டுனப்ப மூணு கம்பியில ரெண்டு இடம் மாறிப்போச்சுண்ணே. மோட்டார் தலைகீழா சுத்தியிருக்கு. அன்னைக்கே சொல்லியிருந்தா அஞ்சு நிமிச வேலை!” மாற்றிக் கொடுத்ததும் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது.

பயிர் பிழைத்தது, கடைக்கோடியில் இரண்டு வயல் மட்டும் பதராகிப் போனது. அந்தப் பக்கம் போகவே கருத்தக்கண்ணனுக்கு வெட்கம். “முனியாண்டியே பொய் சொல்லிட்டாரேடி,” என்றார்.

“சாமி என்னங்க செய்யும்? ரெண்டு பொட்டலத்துலயும் ஒங்க புத்தியத்தான மடிச்சு வச்சீங்க?”

இந்தக் கதையை டீக்கடையில் அவரே சொல்லிச் சிரிப்பார். அன்றிலிருந்து பூக்கட்டினால் மூன்று பொட்டலம். மூன்றாவதில் பூ இருக்காது. அது வந்தால் வீட்டுக்குப் போய் ஒச்சாயியிடம் கேட்க வேண்டும்.