நாவலுக்கு ஊர் சேர்த்த கதை

நாவலில் கதை பண்ணுவது சுலபம்; அந்தக் கதைக்கு ஒரு வீடும் தெருவும் குளிரும் கொடுப்பதற்குள்தான் நாக்குத் தள்ளிவிடும். ஆபீஸ் விட்டு வந்து எழுதும் ஜாதியென்றால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

என் முதல் நாவலுக்கு ஏழு வருஷம் ஆயிற்று. டெல்லி குமாஸ்தா ஒருவரின் மனைவி சாரதா, ஒரு ஜனவரிக் காலையில் வீட்டை விட்டுப் போகிறாள். அதுதான் கதை. படித்துவிட்டுச் சென்னைப் பதிப்பாளர் போன் செய்தார். "டெல்லின்னு போட்டிருக்கீங்க. மாம்பலத்துல நடந்தாலும் ஒண்ணும் மாறாது சார். ரெண்டு மாசத்துல ஊரைச் சேர்த்துக் குடுங்க, இல்லேன்னா வேண்டாம்."

குவார்ட்டர்ஸ்

முதலில் சாரதாவின் வீட்டை எழுதினேன். இருபது வருஷமாக டெல்லி சர்க்கார் ஆபீஸில் ஃபைல் குறிப்பு எழுதிய கையாயிற்றே! அறை இரண்டு, ஜன்னல் நான்கு, ஒன்றில் கண்ணாடி உடைசல், குழாய் ஒழுகல் என்று ஒன்று விடவில்லை. நடுவில் அவள் அழவும் செய்தாள். ஆபீஸில் பக்கத்து நாற்காலி திருநெல்வேலிக்காரர் முருகேசனிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணாச்சி, பொம்பளை அழுதது மாதிரித் தெரியலியே. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிச் சாவியை ஒப்படைக்கிறது மாதிரில்லா இருக்கு!"

முனிர்கா

சரி, தெருவையாவது நேரில் பார்த்து எழுதுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு டெல்லியின் முனிர்கா பக்கம் போனேன். ஒரு காய்கறி வண்டி எதிரே நின்று முள்ளங்கி, தராசு, சாக்கு என்று குறித்துக்கொண்டிருந்தேன். கழுத்திலிருந்த ஆபீஸ் அடையாள அட்டையைக் கழற்ற மறந்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் வண்டி பத்தடி தள்ளிப் போய்விட்டது. அதற்குப் பின்னால் இன்னும் மூன்று வண்டிகள் நகர்ந்துகொண்டிருந்தன. ஓடிப்போய், "பையா, நான் முனிசிபாலிட்டி ஆளில்லை, கதை எழுதறவன்" என்று ஹிந்தியில் கெஞ்சினேன். வண்டிக்காரரும் ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார்.

"எழுதிக்கோங்க பாபுஜி. வண்டி எங்கே நிக்குதுன்னு மட்டும் எழுதாதீங்க."

மாவு

கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கையில், சாரதா கிளம்பும் அத்தியாயத்தை என் மனைவி மாலதியிடம் கொடுத்தேன். ராத்திரி அரைத்து வைத்த மாவு பொங்கி வழிய, அதைத் திரும்பிப் பார்க்காமல் போகிறாள் என்று முடித்திருந்தேன். எனக்கு மிகவும் பிடித்த இடம். மாலதி தாளைக் கீழே வைத்தாள். கோபமெல்லாம் இல்லை.

"டெல்லி ஜனவரியில வெறுமனே வெச்ச மாவு பொங்குமா? பதினெட்டு வருஷமா உங்க பழைய ஸ்வெட்டரைத்தான் பாத்திரத்துக்குச் சுத்தறேன். தினம் அது பக்கத்துல நின்னுதான் காபி குடிக்கறீங்க."

ஸ்வெட்டர்

வெட்கமாக இருந்தது. சாரதா ஏன் வீட்டை விட்டுப் போகிறாள் என்று எனக்கே அன்றுதான் புரிந்தது. குழாய், முள்ளங்கி எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். கிளம்புமுன் சாரதா மாவுப் பாத்திரத்திலிருந்து புருஷனின் ஸ்வெட்டரை உருவி, மடித்து, அவன் நாற்காலியில் வைத்தாள். அவ்வளவுதான் சேர்த்தேன். பதிப்பாளர் போன் வந்தபோது மாலதி பக்கத்தில்தான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கணீரென்று கேட்டது.

"புஸ்தகம் போடறோம் சார். அந்த ஸ்வெட்டர் ஒண்ணு போதும், உங்க கவனிப்பே தனி!"

ஏழு வருஷ நாவலில் டெல்லி என்று நம்பும்படி இருப்பது அந்த ஒரு ஸ்வெட்டர்தான், அதுவும் நான் கவனித்ததல்ல.