ஜெபம் பண்ணிய தைலம்

என் வீட்டுக்காரருக்கு இதய வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை. குன்னூரில் மழை பிடித்துக்கொண்டால் அவருக்கு முழங்கால் வலி தாங்காது. கடையில் விண்டர்கிரீன் இலைத் தைலம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகரிடம் கொடுத்து ஜெபம் பண்ணி வாங்கி வந்தேன். காலையும் மாலையும் தேய்த்துவிடுவேன்.

"ஏனுங்க, எரியுதுங்களா?"

"எரியறது கெடக்கட்டும். உன்ற தைல வாசத்துக்கு எலிகூட நம்மூட்டுப் பக்கம் வர்றதில்ல."

வலி குறைந்தது. ஸ்தோத்திரம் சொல்லி இன்னும் கொஞ்சம் ஊற்றித் தேய்த்தேன்.

மூன்றாம் வாரம் ஒரு காலை, பல் துலக்கியவர் துப்பியதெல்லாம் ரத்தம். சட்டையைக் கழற்றினால், அடிபடாமலே தோளிலும் இடுப்பிலும் நீலத் திட்டுகள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எனக்கு ஜெபம்கூடக் கோர்வையாக வரவில்லை. "ஆண்டவரே, ஆண்டவரே" என்பதோடு நின்றுபோனது.

"வேற மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களாம்மா? கசாயம், நாட்டு மருந்து?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. ஜெபம் பண்ணிய தைலத்தை நான் மருந்துக் கணக்கில் சேர்த்ததே கிடையாது.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டருக்குக் காரணம் பிடிபடவில்லை. மாத்திரையும் அதேதான், சாப்பாடும் அதேதான். அதற்குள் என் வீட்டுக்காரருக்கு மூக்கிலும் ரத்தம் கசிய ஆரம்பித்தது. பஞ்சால் துடைக்கப் போன என் கையில் தைல வாசம் அடித்தது. சொன்னால் ஆண்டவர்மேல் பழி போடுவதாகிவிடுமோ என்று கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். பஞ்சு மறுபடி சிவந்தது. டாக்டரிடம் தைலத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"அந்த இலைத் தைலத்துல மெத்தில் சாலிசிலேட்டுன்னு ஒண்ணு இருக்குதுங்கம்மா. ஆஸ்பிரின் மாத்திரைக்குப் பங்காளி. வலிக்குக் கேக்கும். ஆனா தோல் வழியாவே ரத்தத்துல எறங்கிரும். இவர் மாத்திரையோட சேந்தா ரத்தம் நிக்காது. நல்லவேளை, இப்பவாச்சும் சொன்னீங்க."

ஊசி போட்டார்கள். நானும் நர்ஸும் சோப்புப் போட்டு அவர் கால்களைக் கழுவினோம். எத்தனை தரம் கழுவியும் வாசம் போனதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு நாளில் ரத்தம் நின்றது.

இப்போது முழங்காலுக்கு வெந்நீர்த் துணிதான். அதைப் பிடித்துக்கொண்டே ஜெபிக்கிறேன். காலையில் அவர் பல் துலக்கும்போது பக்கத்தில் போய் நிற்பேன்.

"நுரை வெள்ளையாத்தான் இருக்குது, போ புள்ள."

குனிந்து நானே பார்க்காமல் நகர்வதில்லை.