முட்டைகளுக்கடியில் ஓர் இரும்பாணி

உஜோங் பாசிரில் கதவு வாங்கப் போன மரக்கடையில் ஈர மரத்தூள் வாசம் மூக்கில் ஏறியதும், இன்று கார்கள் நிற்கும் இடமாகிவிட்ட எங்கள் காஜா பெராங் கிராமத்து வீட்டின் சமையலறை மூலையும், மரத்தூள் நிரப்பிய பலகைப் பெட்டியில் பதினொரு முட்டைகளின்மேல் சிறகை உப்பிக்கொண்டு, அருகில் போனாலே அடித்தொண்டையில் உறுமும் கறுப்புக் கோழியும் நினைவில் திரும்பி வந்தன. மெர்டேக்கா என்ற நாட்டு விடுதலைக்கு முந்தைய மழைக்காலம், அம்மா நிறைமாதம். இடிச் சத்தத்தில் கரு கலையாமலிருக்க முட்டைகளுக்கடியில் அவள் வைத்திருந்த இரும்பாணியை, கோழி இரை தின்ன இறங்கிய நேரத்தில், பாண்டிக்கோடு கீற நான் எடுத்துவிட்டேன். மூன்று நாள் விடாமல் இடித்தது.

இருபத்தொரு நாள் கழிந்தும் ஒன்றும் பொரிக்காததால், அம்மா முட்டைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டாள். உயிருள்ள முட்டை தண்ணீரில் துள்ளும்.

“ஒண்ணுகூட அசையலையே. வெச்ச ஆணி எங்கடி?”

பாவாடை மடிப்பிலிருந்த ஆணி தொடையைக் குத்தியது. “தெரியலம்மா” என்றேன்.

அம்மா ஈரக் கையை வயிற்றின்மேல் வைத்தாள், வெகுநேரம் எடுக்கவில்லை.

மறுவாரம் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தாள். கோழி அப்போதும் காலிப் பெட்டியை விட்டு இறங்காமல், என்னைக் கண்டால் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.