மிசுஹோ வாங்கிய தோல் கையுறை

மிசுஹோவும் நானும் ஒரே பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தோம். பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு ஆக்கிப் போடுகிற வேலை. அவள் காய் கழுவி நறுக்கும் மேடையில் நிற்பாள். அங்கே நின்றால் ஜன்னல் வழியே மலை தெரியும் என்பதால், யார் கேட்டும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

"சிகுசா, இன்னிக்கு மேல பனி மாவாட்டம் கிடக்கும். என்னைப் போய் இங்க முட்டைக்கோஸோட கட்டிப் போட்டுட்டாங்களே!" என்பாள்.

"போயேன். குழந்தைங்க பட்டினி கிடக்கட்டும்."

"அதுக்குத்தான் யோசிக்கிறேன். இல்லேன்னா எப்பவோ ஓடியிருப்பேன்."

பத்தொன்பது வயதில் பனியில் சறுக்கும் பலகையில் ஏறியவள். நாற்பது தாண்டியும் இறங்கவில்லை. அவள் கணவன் யசுமசா அதே மலையில் சறுக்குகிற சரிவுகளின் பனியைச் சமன் செய்யும் பெரிய வண்டியை ஓட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான். இளவயதில் ஒருநாள் பாதை தவறிப்போய் இடுப்பளவு பனியில் மாட்டிக்கொண்ட அவளை வெளியே இழுத்துப் போட்டவன் அவன்தான். "பனியில கிடந்த என்னைப் பொறுக்கிட்டு வந்தான். திருப்பிக் குடுக்க ஆள் கிடைக்கலை, அவனே வச்சுக்கிட்டான்" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். பிள்ளைகள் இல்லை. விடுமுறை நாள் என்றால் இருவரும் மலையில்தான்.

அவள் கை குளிரத் தொடங்கிய வருடம் நாங்கள் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. எங்கள் ஊரில் யார் கைதான் குளிராது? அவளும் கையுறையைத்தான் குறை சொன்னாள். பழையதில் தையல் விட்டு ஈரம் புகுந்துவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கினாள். அதில் பஞ்சு போதவில்லை என்று இன்னும் தடித்ததாக ஒன்று. அடுத்த குளிர்காலம், அது இறுக்கமாக இருப்பதால்தான் ரத்தம் ஓடவில்லை என்று ஓரளவு பெரிதாக மூன்றாவது.

மூன்றாவதும் உதவவில்லை. அதை எடுத்துக்கொண்டு அரகிதாவின் கடைக்குச் சண்டை போடப் போனாள். மலையடிவாரத்தில் பலகை, காலணி, கையுறை எல்லாம் விற்கும் சின்னக் கடை. நானும் கூட இருந்தேன்.

"அரகிதா சான், இதுவும் ஏமாத்திருச்சு. மலை மேல போற லிஃப்ட்ல உக்கார்ந்ததும் விரல் மரத்துப் போகுது. என்ன சரக்கு வாங்கிப் போடுறீங்க?"

அவர் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே கைவிட்டுத் தடவினார். பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு, "உங்க கையக் காட்டுங்க" என்றார்.

நீட்டினாள். நான்கு விரல்களும் பாதிவரை மெழுகுவர்த்தி போல வெளுத்திருந்தன. நகத்தடி நீலம்.

"கிளவுஸ்ல ஒண்ணுமில்ல மிசுஹோ சான். இங்க கடையில கணப்பு அடுப்புப் பக்கத்துலதான நிக்கிறீங்க? வந்து இவ்வளவு நேரமாச்சு. இது டாக்டர்கிட்ட காட்ட வேண்டிய கை."

"விக்கத் தெரியலைன்னா கடைய மூடிட்டுப் போங்க" என்று சொல்லி வெளியே வந்துவிட்டாள்.

காரில் ஏறியதும் வண்டியை எடுக்கவில்லை. "உன் கையக் குடு" என்றாள். என் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அசாஹிகாவா ஆஸ்பத்திரியில் பெயர் சொன்னார்கள். தோல் இறுகிக் கல்லாகிற நோய். விரலில் தெரிந்தது முகப்பு மட்டும்தான், உள்ளே நுரையீரலிலும் அது இறங்கியிருந்தது. சமையலறையில் கேரட் சீவிக்கொண்டே என்னிடம் சொன்னாள். "ரெண்டு வருஷமா கிளவுஸைத் திட்டிக்கிட்டு இருந்தேன் பாரு. அது பாவம், தன் வேலையப் பாத்துக்கிட்டு இருந்திருக்கு." நான் அழுதேன். அவள் சீவிக்கொண்டே இருந்தாள்.

தண்ணீரில் கை வைக்கக்கூடாது என்றதால் வேலையை விட்டாள். அடுத்த பனி விழுவதற்குள் விரல்கள் உள்நோக்கி வளைந்துவிட்டன. சட்டைப் பொத்தானை யசுமசாதான் போட்டுவிடுவான். ஆனாலும் மலைக்குப் போகவேண்டும் என்றாள். கை நனையாமல், குளிராமல், கொஞ்ச நேரம் என்று டாக்டர் அரை மனதாகச் சம்மதித்தார்.

மூவருமாக அரகிதா கடைக்குப் போனோம்.

"இன்னும் கடைய மூடலையா?" என்றாள்.

"நீங்க வந்து மூடுவீங்கன்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன். உள்ள வாங்க, குளிரு."

ஐந்து விரலும் தனித்தனியாக உள்ள எதுவும் அவள் கையில் நுழையவில்லை. கட்டைவிரலுக்கு மட்டும் தனியிடம் விட்ட பை போன்ற கையுறைகளில் இரண்டை எடுத்து மேசையில் வைத்தார் அரகிதா. ஒன்று செயற்கைத் துணி. பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. மற்றது ஆட்டுத்தோல். உள்ளே கழற்றி உலர்த்தக்கூடிய கம்பளி உறை, முழங்கைப் பக்கம் வரை நீண்ட வாய், பனி புகாமல் இழுத்துக் கட்டக் கயிறு. ஆனால் புதுத்தோல், விறைப்பாக நின்றது.

யசுமசா துணிக் கையுறையை எடுத்தான். "இது லேசு. இன்னிக்கே போட்டுக்கலாம். தோலு கைக்குப் பழகவே ஒரு சீசன் ஆகும்."

மிசுஹோ அவனைப் பார்க்கவில்லை. "எது ரொம்ப நாள் உழைக்கும்?"

அரகிதா தயங்கினார். "துணி ரெண்டு வருஷம் வரும். பலகை ஓரம் உரசிக்கிட்டே இருந்தா அதுக்கு முன்னாடியே கிழியும். தோலு, மெழுகு தேய்ச்சுப் பாத்துக்கிட்டா பத்து வருஷம் தாங்கும்."

"அப்ப தோலு."

"மிசுஹோ, இப்ப உனக்கு..." என்று ஆரம்பித்து யசுமசா நிறுத்திக்கொண்டான்.

"இப்ப எனக்கு என்ன? சொல்லு."

"ஒண்ணுமில்ல. கனமா இருக்குமேன்னு சொல்ல வந்தேன்."

"கனமா இருந்தா இருக்கட்டும். அடிக்கடி மாத்துறது எனக்குப் பிடிக்கல."

கார் மேல் பனியைத் தட்டிவிட்டு வருகிறேன் என்று அவன் வெளியே போனான். அன்று பனியே விழவில்லை. நாங்கள் ஜன்னல் பக்கம் திரும்பாமல் இருந்தோம்.

தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் அந்தத் தோலை மாவு பிசைவது போலப் பிசைந்தான். அவள் வளைந்த விரலின் முட்டியால் தையல்களில் மெழுகு தேய்த்தாள்.

பிப்ரவரியில் வெயிலடித்த ஒரு நாள், பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் தாழ்ந்த சரிவில் அவளை ஏற்றினான். முட்டி மடங்க, தோள் திரும்ப, அவள் இறங்கி வந்ததைப் பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்லமாட்டார்கள். கீழே வந்ததும் கயிற்றைப் பல்லால் இழுத்துக் கையுறையைக் கழற்றினாள்.

"சிகுசா, தொட்டுப் பாரு! சூடா இருக்கு, தொடேன்!"

நிஜமாகவே சூடாக இருந்தது. விரல்நுனியில் ரோஜா நிறம். ஆனால் அவளுக்கு மூச்சு வாங்கியது, நிற்கவில்லை. "கை சரியாச்சுன்னா இது மக்கர் பண்ணுது" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினாள்.

அந்தக் குளிர்காலத்தில் இன்னும் சில முறை போனாள். கோடையில் மூக்கில் ஆக்சிஜன் குழாய் வந்தது. மலையுச்சியில் முதல் வெள்ளை தெரிந்த வாரம் இறந்துபோனாள்.

எரிக்கக் கொண்டுபோகும் பெட்டியில் பூக்களுக்கு நடுவே யசுமசா அந்தக் கையுறையை வைத்தான். சடங்கு நடத்த வந்தவர் மெதுவாகக் கிட்டே வந்து, "மன்னிக்கணும், தோல் சாமான் வைக்கக்கூடாது. சரியா எரியாது" என்றார்.

யசுமசா கையுறையை வெளியே எடுத்தான். உள்ளிருந்த கம்பளி உறைகளை மட்டும் உருவி, அவள் கையில் மாட்டிவிட்டான். விரல்கள் விறைத்திருந்ததால் நேரமாயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. வெறும் தோலைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு கூட்டத்தோடு போய் நின்றான்.

அந்தக் குளிர்காலம் அவன் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் அந்தத் தாழ்ந்த சரிவை மட்டும் தேவையில்லாமல் இரண்டு முறை சமன் செய்கிறான், டீசல் வீண் என்று லிஃப்ட்காரர்கள் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். அவனிடம் போய் யாரும் கேட்கவில்லை.