ஐந்தாம் நாள் வரை

ஸ்ரீரங்கத்திலிருந்து அப்பாவை டயாலிசிஸுக்காகத் திருச்சிக்கு அழைத்துச் சென்ற ஒரு காலையில், பக்கத்துப் படுக்கையில் ஒருவரைச் சந்தித்தேன். லால்குடிக்காரர், வீங்கிய இமைகள், சுத்தமாக மழித்த முகம். ஆஸ்திரேலியாவில் நம் அணி ஆடிய டெஸ்டின் மூன்றாம் நாள் ஆட்டத்தைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் இடத்தைவிட்டு அசையாமல் இருந்தால் விக்கெட் விழாது என்பது அவருடைய நம்பிக்கை.

“எழுந்திரிக்காதீங்க தம்பி. அஞ்சாம் நாள் வரைக்கும் இழுத்துட்டானுங்கன்னா, நாளன்னைக்கு இங்க வரும்போதும் மேட்ச் இருக்கும்.”

“ஜெயிக்க வேணாமா சார்?”

“ஜெயிச்சா சீக்கிரம் முடிஞ்சிருமே!”

அடுத்தடுத்து விக்கெட்டுகள் சரிந்தன.

“நாலு மணி நேரம் ஊசியோட அசையாம கெடக்கேன். அவனால ஒரு மணி நேரம் நிக்க முடியலையா?” என்றார். செவிலியர் சிரித்துவிட்டார். அன்றே தோற்றோம்.

இரண்டு நாள் கழித்து, அதே ஆட்டத்தின் முதல் நாள் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தோத்த மேட்ச்தானே சார்?”

“இன்னும் ஒருத்தனும் அவுட் ஆகலைங்க.”

முதல் விக்கெட் விழும் நேரம் நெருங்கியதும், பதிவை மறுபடி தொடக்கத்துக்கே நகர்த்தினார். தோற்றுப்போன அணியை அத்தனை அக்கறையோடு காப்பாற்றிய ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.