எட்டுச் சக்கரத்தில் அப்பிய சேறு

வெள்ளம் வடிந்து வீட்டுக்குள் தங்கிய சேற்றைச் சத்யப்பிரியா தகர முறத்தால் வாரி வாரித் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ராஜ்கமல் மாடி அறையில் தன் டேபிள் முன்னால் உட்கார்ந்து, பொம்மை வண்டிக்குச் சேறு பூசுவது எப்படி என்று செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான்.

பொம்மை என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். ஏதோ ஒரு நாட்டு ராணுவம் இன்றைக்கும் ஓட்டுகிற எட்டுச் சக்கரக் கவச வண்டி அது. அதை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். துண்டுகள் ஒரு சட்டத்தில் காய்த்துத் தொங்குவதுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக நறுக்கி, பிசிறு தேய்த்து, பசை தொட்டு ஒட்ட வேண்டும். ஆடியில் தொடங்கியவன், நெல்லிக்குப்பத்தில் ஆலை வேலை முடிந்து வந்தால் நேரே அதன் முன்னால்தான் உட்காருவான். அவளுடைய குண்டூசி வண்டிக்கு ஏரியல் ஆனது. எம்பிராய்டரி நூல் இழுவைக் கயிறானது. துணியில் கோடு போடும் சாக்கட்டியைச் சுரண்டிப் புழுதி செய்தான். கேட்டால், "உங்கிட்டதான் நெறைய இருக்கே" என்பான். பெயிண்டில் கலக்கும் தின்னரின் நாற்றம் சோற்றுப் பானை வரைக்கும் வந்தது.

சத்யப்பிரியா சிதம்பரத்துப் பெண். ஒன்பதாவதோடு படிப்பு நின்றுபோக, ஒரு தையல் கடையில் காஜா எடுத்து, ஊக்கு வைத்து, பிறகு ரவிக்கை வெட்டப் பழகியவள். நாலு பேர் நடுவில் வாய் திறக்க மாட்டாள். ஆனால் வருகிற பெண் செருப்பைக் கழற்றுவதற்குள் எந்தத் தோள் இறக்கம் என்று பார்த்துவிடுவாள். கல்யாணமாகி வந்த கடலூர்த் தெருவில் அவளுக்கு இருந்த மரியாதை முழுவதும் அவளுடைய மோட்டார் மெஷினின் சத்தத்தில் இருந்தது.

அந்த மெஷினைத்தான் வெள்ளம் பிடித்தது. கெடிலம் ஆறு கரையேறிய அன்று காலை, பால் பொங்குவதற்குள் தண்ணீர் வாசற்படியைத் தாண்டியது. பொங்கலுக்குத் தைக்க வந்திருந்த துணிகளை அவள் மாடிக்கு ஏற்றினாள்.

"மாமா, மெஷினைத் தூக்கணும். ஒரு கை புடிங்க."

"தோ வர்றேன்."

பெயிண்ட் காய்வதற்காக வண்டியைக் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் வைத்திருந்தான். அதை இரண்டு கையாலும் ஏந்தி, ஏற்றிய விளக்கைக் கொண்டுபோவதுபோலப் படியேறினான். இறங்கி வந்து பெயிண்ட் புட்டிகளை எடுத்தான். மறுபடி வந்து பசையையும் பிரஷ்களையும் எடுத்தான். மெஷினுக்கு அவன் கை வந்தபோது மோட்டார் தண்ணீருக்குள் இருந்தது.

மெக்கானிக் மோட்டாருக்குப் புதுக் கம்பிச் சுருள் கட்டி அதற்கு உயிர் கொடுத்துவிட்டார். ஆனால் அதை வைக்கக் கீழே காய்ந்த இடம் இல்லை. சுவர் வேர்த்தது.

"மெஷின மாடிக்கு ஏத்திடலாம் மாமா. இன்னொரு வாட்டி முங்குனா அது பொழைக்காது. எனக்கும் வேற தொழில் தெரியாது."

"மாடியிலயா? பஞ்சு பறக்கும்டி. ஒரு நூல் பெயிண்ட்ல ஒட்டுனா மொத்தமும் போச்சு. சிதம்பரத்துல மாடல் வண்டிப் போட்டி இருக்கு, அது முடியட்டும், பாக்கலாம்."

மெஷின் கீழேயே செங்கல்மேல் நின்றது. அன்றைக்கே, அவள் மிச்சச் சேற்றை வாரும்போது, அவன் கொட்டாங்குச்சியோடு இறங்கி வந்தான்.

"கொட்டிடாத, கொட்டிடாத! வண்டல் எப்பிடி இருக்கு பாரு! கடையில விக்கிற பவுடர்ல இந்தக் கலர் வராது. மாவு சல்லடைய எடு."

"அது சாக்கடை மாமா. தெருவுல இருக்கிற கக்கூஸ் தண்ணியெல்லாம் கலந்து வந்தது."

"காஞ்சா எல்லாம் மண்ணுதான்."

மாவு சல்லடையில் அதைச் சலித்து, பசையில் குழைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரத்துக்கும் பொட்டுப் பொட்டாக அப்பினான். அவள் நகக்கண்ணில் அதே சேறு கறுத்திருந்தது. எத்தனை கழுவியும் சாப்பிடக் கை வாய்க்குப் போகவில்லை. இவனோ அதை ஆசையாக, பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வைக்கிறான். சல்லடையைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள். அவன் ஈரம் காயும்வரை பொறுக்காமல் வண்டியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

மார்கழியில் போட்டி. பஸ்ஸில் பெட்டியை அவள் மடியில் வைத்துவிட்டு, "ஆடாம புடி" என்று பக்கத்தில் உட்கார்ந்தான். ஆலப்பாக்கம் தாண்டி வெயில் ஏறியதும் பெட்டியின் இடுக்கிலிருந்து அந்த நாற்றம் கிளம்பியது. தின்னரிலேயே கிடந்த அவன் மூக்குக்கு அது எட்டவில்லை. மற்றவர்களுக்கு எட்டியது.

"யாரும்மா அது, கருவாடா?" பின்சீட்டு அம்மாள் எழுந்து நின்று கேட்டாள்.

"இல்லம்மா. பொம்மை."

"பொம்மை நாறுமா? எடுத்து மேல வைம்மா, வயித்தப் பொரட்டுது."

"குளிச்சிட்டு பஸ் ஏறுனா என்னவாம்" என்று இன்னொருத்தி சொன்னாள். யாரோ சிரித்தார்கள். சத்யப்பிரியாவுக்குக் காது சுட்டது. இது என்னுடையது என்று அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று திரும்பிப் பார்த்தாள். அவன் எழுந்து முன்னால் போய், காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கியிருந்தான். சிதம்பரம் வரைக்கும் அவனுடைய பின்மண்டையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பெட்டியின் நாற்றம் அதற்குப் பிறகு அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

தெற்கு வீதிக் கல்யாண மண்டபத்தில் மேசை மேசையாக டாங்கிகளும் விமானங்களும் நின்றன. நடுவராக வந்திருந்த பெரியவர் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். சக்கரங்களைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

"பனி போட்டிருக்கீங்களா? அழகா வந்திருக்கே தம்பி!" என்று மூடியைத் திறந்தவர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். "பூசணம்! மூடுங்க, மூடுங்க! வெளிய எடுத்துட்டுப் போங்க, பந்தி போடுற எடம்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ராஜ்கமல் அவளைக் கை காட்டினான்.

"வீட்ல சல்லடைய ஒழுங்கா கழுவல சார். நான் என்னா பண்றது?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் அவளுடைய அம்மா வீடு. அங்கே போகவில்லை. கடலூர் பஸ்ஸில் ஏறினாள்.

எதிர்வீட்டு ஜான்சியும் அவள் புருஷன் ஆரோக்கியராஜும் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். சத்யப்பிரியா யாரிடமும் உதவி கேட்டு அவர்கள் பார்த்ததில்லை.

"அண்ணே, மெஷின மாடிக்கு ஏத்தணும்."

"ராஜ்கமல் சரின்ட்டானா?"

"நான் கேக்கல அண்ணே."

ஆரோக்கியராஜ் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப சீக்கிரம் வா" என்றாள் ஜான்சி.

சாயங்காலம் ராஜ்கமல் பெட்டியோடு வந்தபோது மாடியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. படியேறி வந்து நின்றான்.

"எங்க என் டேபிள்?"

"கீழ இருக்கு மாமா, செங்கல்மேல. தண்ணி வந்தா நீங்களே தூக்கிக்கலாம்."

பெட்டியை வைக்க இடம் தேடினான். எல்லா இடத்திலும் துணி கிடந்தது. கையிலேயே வைத்துக்கொண்டு, "பஸ்ல எல்லாரும் என்னையே பாத்தாங்கடி. ஆளாளுக்குக் கேட்டாங்க" என்றான். குரல் அழுவதுபோல இருந்தது.

அவள் நிமிர்ந்தாள். "என்னா சொன்னீங்க?"

அவன் பெட்டியின் மூடியை அழுத்திப் பார்த்தான்.

"கருவாடுன்னு சொல்லிட்டேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டாள். பிறகு பெடலை மிதித்தாள்.