வெயிலில் கண்ணாடி காட்டியவர்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெளியே போவதென்றால் மேற்கே போவதுதான். ராஜபாளையத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் மலை தெரியும். மலையில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டால் ஆட்டோ பிடித்தாவது போய்விடுவோம். கிழக்கே போக யாருக்கும் காரணம் கிடையாது. அந்தப் பக்கம் மானாவாரி நிலம், உடைமரம், சுண்ணாம்புக்கல் லாரி, அவ்வளவுதான். அதனால், மதுரையில் கல்லூரியில் படிக்கும் என் மகள் ஆனி மாதத்தில் ஊருக்கு வந்தவள், "ஆலங்குளம் போற ரோட்டுல இருந்து உள்ள தள்ளி ஒரு பாறைக்காடு இருக்காம்மா. வேலி போட்டு பார்க் மாதிரி வச்சிருக்காங்க. டென்ட் அடிச்சு ஒரு ராத்திரி தங்கலாம்" என்றபோது, இவள் எதையோ மறைக்கிறாள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அங்கே யாராவது ஒரு பையன் வரப்போகிறானோ, நமக்கு எதேச்சையாக நடந்தது போல அறிமுகம் செய்துவைக்கப் பார்க்கிறாளோ என்று இரண்டு நாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் சுபாவம் அப்படி. பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் நான் சூப்பர்வைசர். ஓடுகிற துணியில் எங்கே இழை விட்டிருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. போதாக்குறைக்கு, போன வருஷம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கழுத்துச் செயினை அறுத்துக்கொண்டு போனார்கள். அறுத்தவன் முதலில் "அக்கா" என்று கூப்பிட்டு வழி கேட்டான். அதிலிருந்து முன்பின் தெரியாதவர் யாராவது அக்கா என்றால் என் கை தானாகக் கழுத்துக்குப் போய்விடும்.

என் கணவருக்கு ஹார்டுவேர் கடை. ஞாயிற்றுக்கிழமைகூடப் பாதி ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், மகள் கேட்டதும் மறுபேச்சில்லாமல் கிளம்பிவிட்டார். நகையெல்லாம் வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு காரில் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. பார்க் என்றால் ஒரு இரும்புக் கேட், ஒரு தண்ணீர்த் தொட்டி, தகரக் கதவு போட்ட ஒரு கக்கூஸ். கேட்டைத் திறந்துவிட்ட காவல்காரர், "வேற யாரும் இல்லக்கா, நீங்க மட்டுந்தான். நான் காலையில வாரேன்" என்று சொல்லி பைக்கை முறுக்கிக்கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டார். வேற யாரும் இல்லை என்றதை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அதையும் கவனித்தேன்.

பாறைகளைக் குறை சொல்ல முடியாது. அப்படி நான் எங்கேயும் பார்த்ததில்லை. வெட்டவெளி மண்ணில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், வெளிறிப்போன பாறைகள் நின்றன. சில அடி சிறுத்துத் தலை பருத்து, தொட்டால் விழுந்துவிடும் போல இருந்தன. சில கரையான் தின்ற கதவு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தன. தோசையை அடுக்கி வைத்தது போல ஒன்று, அடுக்கு ஒவ்வொன்றும் கொஞ்சம் விலகி. மேற்கே மலை இடைவெளியில் புறப்பட்ட காற்று இவ்வளவு தூரம் ஈரமில்லாமல் வந்து, அந்த ஓட்டைகளுக்குள் புகுந்து, சைக்கிள் பம்பு அடிக்கிற மாதிரி மூச்சு விட்டது. மகள் செருப்பை உதறிவிட்டுப் பாறை மேல் ஏறினாள். என் கணவர் டென்டுக் கம்பிகளை விரித்து வைத்துக்கொண்டு எது எதில் சேரும் என்று பார்த்தார். நான் சுற்றி வந்தேன்.

அப்போதுதான் அந்த வண்டியைப் பார்த்தேன். ஓட்டைப் பாறைக்குப் பின்னால், கேட்டிலிருந்து தெரியாதபடி, ஒரு டி.வி.எஸ். எக்ஸெல் நின்றது. பின்சீட்டில் ஒரு பெரிய சாக்கு, வாய் கட்டாமல், உள்ளே வைக்கோலும் கறை படிந்த பழைய துணியும். இரத்தக் கறையா, சேற்றுக் கறையா தெரியவில்லை. நம்பர் பிளேட்டைப் போனில் படமெடுத்தேன்.

ஆளைத் தேடவேண்டியிருக்கவில்லை. தூரத்தில் கைலியை மடித்துக் கட்டிய ஒருவர் பாறை பாறையாகப் போய்க்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். ஒவ்வொரு பாறையின் அடியிலும் குனிந்து பார்த்தார். சில இடத்தில் ஒரு இலைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். பிறகு மேட்டில் ஏறி நின்று, சட்டைப் பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை எடுத்து வெயிலில் காட்டினார். வெளிச்சம் எதிர்ப் பாறையில் வெட்டி வெட்டி மின்னியது. ஒரு சத்தம் போடவில்லை. அவ்வளவு பெரிய காட்டில் ஒரு மனிதன் அவ்வளவு சத்தமில்லாமல் நடந்ததுதான் எனக்கு உறுத்தியது.

டென்டுக்கு வந்து சொன்னேன். என் கணவர், "மயிலுக்கு வெசம் வைக்கான் போல" என்றார். மகள், "போட்டோ எடுக்கிறவரா இருக்கும்மா, லைட் செக் பண்றாரு" என்றாள். கையில் கேமரா இல்லையே என்றேன். எனக்குப் பட்டது வேறு. அந்தக் கண்ணாடி யாருக்கோ சைகை. கார் வந்திருக்கிறது, மூன்று பேர், ஒரு ஆம்பளை, ரெண்டு பொம்பளை என்று சொல்கிற சைகை.

என் கணவர் போய்க் கேட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

"என்னண்ணே தேடுதீக?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

"அந்தப் பொட்டலம்?"

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எங்கள் காரைப் பார்த்தார். "நீங்க எங்க இருந்து வாரீக?" என்று திருப்பிக் கேட்டார்.

"ராஜபாளையம்."

ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மூடிக்கொண்டது. "யாரும் அனுப்பி வந்தீகளா?" என்றார்.

"எங்கள யாரு அனுப்பப் போறா? சுத்திப் பாக்க வந்தோம்."

"இங்க என்ன இருக்கு சுத்திப் பாக்க?" என்று சொல்லிவிட்டு அவர் நடந்துவிட்டார். நான் கேட்க நினைத்த கேள்வியை அவர் கேட்டுவிட்டுப் போனது எனக்குக் கோபமாக வந்தது.

போன் அங்கே எடுக்கவில்லை. தோசைப் பாறையின் உச்சியில் மட்டும் ஒரு கோடு சிக்னல் வந்து வந்து போனது. கிளம்பிவிடலாம் என்று சொன்னேன். மகள் முகம் தொங்கிப்போனது. டென்டும் அதற்குள் எப்படியோ எழுந்து நின்றுவிட்டது. காற்றில் பறக்காமலிருக்க நாலு மூலையிலும் கல் வைத்து, நடுவில் அவள் வாங்கி வந்திருந்த பெரிய எல்.இ.டி. விளக்கைத் தொங்கவிட்டோம். புளியோதரையைப் பிரித்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. பாறைகளின் நிழல் ஒன்றோடொன்று சேர்ந்து, எது கல், எது ஆள் என்று தெரியாத நேரம்.

அந்த நேரத்தில் அவர் வந்தார். கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"அக்கா."

கை கழுத்துக்குப் போனது.

"இன்னிக்கு ராத்திரி மட்டும் அந்த லைட்ட அணைச்சுப் போடுதீகளா?"

"எதுக்கு அணைக்கணும்?" என்றேன்.

"சும்மாதான். செத்த நேரம் அணைச்சாக்கூடப் போதும்."

"முடியாது. விடிய விடிய எரியும். எங்க வீட்டுக்காரர் போலீசுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாரு. உங்க வண்டி நம்பரும் குடுத்தாச்சு" என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அவர் கையில் ஒரு டார்ச் இருந்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

டென்டில் யாரும் படுக்கவில்லை. மூன்று பேரும் காருக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினோம். விளக்கு டென்டுக்குள் எரிந்துகொண்டேயிருந்தது.

விடிந்ததும் முதலில் இறங்கியது நான்தான். டென்டு அப்படியே இருந்தது. ஆனால் அதைச் சுற்றி மண்ணெல்லாம் கால்தடம். மனிதக் கால் இல்லை. ஏதோ ஒரு பிராணி, டென்டை விடாமல் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த அடையாளமும் இருந்தது. ஒரு தடத்தில் மட்டும் கொஞ்சம் ரத்தம். எனக்குச் சிறுத்தை ஞாபகம் வந்தது. என் கணவர், "இம்புட்டுத் தூரம் சிறுத்தை எங்க வரும்? நரியா இருக்கும்" என்றார். அந்த ஆள்தான் எதையோ பழக்கி ஏவிவிட்டிருக்கிறான் என்று நான் சொன்னேன். என் கணவருக்கும் கோபம் ஏறிவிட்டது. ஓட்டைப் பாறைக்குப் போய், துண்டை விரித்து உட்கார்ந்திருந்தவரை இழுக்காத குறையாக அழைத்துவந்து, "இது என்ன? நீயே சொல்லு" என்று தரையைக் காட்டினார்.

அவர் குனிந்து பார்த்தார். பிறகு அந்த இடத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு விரலால் ஒரு தடத்தைத் தொட்டார். அழுகிறார் என்பது தோள் குலுங்கியதில்தான் தெரிந்தது.

"உசுரோடதான் இருக்கு" என்றார்.

என் மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொன்னார். அவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். அவர் மனைவியின் தம்பி எங்கள் ஊரில் இருந்துகொண்டு ராஜபாளையத்து நாய்க்குட்டிகளை வளர்த்து விற்கிறவன். வெள்ளை வெளேரென்று இருக்கும் அந்த ஜாதியில் சில குட்டி காது கேட்காமல் பிறந்துவிடும். அப்படிப் பிறந்த ஒன்றைக் கொன்றுபோட இருந்தவனிடமிருந்து இவர் வாங்கி வந்து வளர்த்திருக்கிறார்.

"வளந்தது ராசா மாதிரி வளந்துச்சுக்கா. ஆனா குட்டி வாங்க வாரவிய எங்க வீட்டுக்கும் வருவாவ. இதப் பாத்துட்டு, 'இது செவிடால்ல இருக்கு, அப்ப மத்த குட்டியும் இப்படித்தானா'ன்னு கேட்டுட்டுப் போயிட்டாவ. மச்சினனுக்கு அது பொறுக்கல. நான் வேலைக்குப் போன நேரம் வண்டியில ஏத்திக் கொண்டுபோய் எங்கயோ விட்டுட்டு, நாய் ஓடிப்போச்சுன்னு சொல்லிட்டான். கல்லு லாரி ஓட்டுத பயல் ஒருத்தன்தான், ஆலங்குளம் பக்கம் பாறைக்காட்டுல ஒரு வெள்ள நாய் நிக்குன்னு சொன்னான்."

"கூப்பிட வேண்டியதுதானே, அப்படி ஊமையா நடந்தீகளே" என்று கேட்டுவிட்டு, கேட்டதன் அபத்தம் எனக்கே உறைத்தது.

"அதுக்கு எங்க கேக்கப் போகுது? லைட்டுதான் அதுக்குப் பாஷை. ரெண்டு தடவ மின்னுனா சோறுன்னு அர்த்தம். பகல்ல கண்ணாடி, ராத்திரி டார்ச்சு. உங்க லைட்டு பெரிய வெளிச்சமா, என் டார்ச்சு அதுக்குத் தெரியாதேன்னுதான் அணைக்கச் சொன்னேன்."

"அத அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் என் கணவர்.

"ராஜபாளையத்துக் காருன்னதும், அவன் அனுப்புன ஆளோன்னு நெனச்சேன். நாயி இருக்குன்னு சொன்னா முடிச்சுட்டுப் போயிருவியளோன்னு. காவக்காரர்கிட்டக்கூட, நான் இங்க இருக்கத யார்ட்டயும் சொல்லாதீகன்னு கேட்டிருந்தேன்."

பிறகு என் மகள்தான், "தடம் எங்க போகுதுன்னு பாப்போம்" என்றாள்.

காற்று பாதித் தடத்தை அழித்திருந்தது. மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நால்வரும் போனோம். தோசைப் பாறைக்கு அப்பால், தரையோடு தரையாக ஒரு பொந்து. அதற்குள் பாறை நிறத்திலேயே ஒன்று கிடந்தது. மூக்கு மட்டும் ரோஸ் நிறத்தில் இருந்ததால் நாய் என்று தெரிந்தது. விலா எலும்பு எண்ணலாம். என் கணவர் கிட்டே போனதும் பல்லைக் காட்டிக்கொண்டு உள்ளே ஒடுங்கியது. அந்த மனிதர் கண்ணாடியை எடுத்து வெயிலைப் பிடித்து இரண்டு தடவை மின்ன வைத்தார். நாய் வெளிச்சத்தைப் பார்த்தது. அவரையும் பார்த்தது. வரவில்லை. கொண்டுவந்து விட்டவனும் வெளிச்சம் காட்டித்தானே வண்டியில் ஏற்றியிருப்பான் என்று எனக்குத் தோன்றியது.

"எம் மேலயும் சந்தேகப்படுது பாருங்க" என்றார்.

அப்புறம் அவர் செய்தது எளிய காரியம். பொந்தைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போய், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டித் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். கூப்பிடவுமில்லை, நகரவுமில்லை. காற்று அவரைத் தொட்டுவிட்டுப் பொந்துக்குள் போனது. நாயின் மூக்கு ஆடியது. வெகுநேரம் ஆடியது. பிறகு அது வயிற்றால் ஊர்ந்து வெளியே வந்து, நொண்டிக்கொண்டே போய், அவர் பிடரியில் மூக்கை வைத்தது. அவர் திரும்பவில்லை. திரும்பினால் பயந்துவிடுமோ என்று அப்படியே கிடந்தார். என் கணவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மிச்சமிருந்த புளியோதரையை நாய் தின்றது. அதன் பாதத்தில் குத்தியிருந்த உடைமுள்ளை, மகள் காலைப் பிடித்துக்கொள்ள, அவர் பிடுங்கினார். படமெடுத்தவளிடம், "பாப்பா, இத எதுலயும் போட்டுறாத. அவன் கண்ணுல பட்டுரும்" என்று கெஞ்சினார். அவள் அவர் கண்முன்னாலேயே அழித்தாள்.

"வீட்டுக்கா கொண்டு போறீக?" என்று கேட்டேன்.

"மகாராஜபுரத்துல எங்க அக்கா இருக்கு. தோப்பு வீடு. அங்க விட்டுட்டு வாரத்துக்கு ஒருக்கப் போய்ப் பாத்துக்கிடுவேன். வீட்டுக்குக் கொண்டு போனா இன்னொரு தடவ கொண்டுபோய் விடுவாவ." பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நாய வண்டியில ஏத்தும்போது வீட்டுல எம் பொண்டாட்டி இருந்திருக்கா. அவளுக்குத் தெரியாம இருந்திருக்குமாக்கா?" என்றார்.

தெரியாமலும் இருந்திருக்கலாம் என்றேன். நான் நம்பாததை அவரும் நம்பவில்லை. வைக்கோல் சாக்கை முன்பக்கம் விரித்து, நாயைக் கால்களுக்கிடையில் உட்காரவைத்துக்கொண்டு, மண் பாதையில் மெதுவாக ஓட்டிப் போனார்.

இது நடந்து சில மாதம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, தேர் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பால்கோவாக் கடையில் அவரைப் பார்த்தேன். கூட ஒரு பெண் நின்றாள், மனைவிதான் என்று பார்த்ததும் தெரிந்தது. நான் சிரித்துவிட்டேன். அவர் கண் என்னை அடையாளம் கண்டது. உடனே விலகிக்கொண்டது.

"யாரு? ஒங்களப் பாத்துச் சிரிக்காவ?" என்றாள் அவள்.

"தெரியலயே. வேற யாரையோ நெனச்சுச் சிரிக்காவ போல."

எனக்குப் புரிந்தது. நானும் யாரையோ தேடுகிற மாதிரி அவருக்குப் பின்னால் பார்த்தேன். அவருடைய நீலச் சட்டையின் தோளிலும் கையிலும் குட்டை குட்டையாக வெள்ளை முடி ஒட்டியிருந்தது. நாய் பிழைத்திருக்கிறது. அந்தச் சந்தோஷம் எனக்குள் எழுந்த அதே நேரம், அவர் மனைவி பேச்சை நிறுத்தாமல் கையை நீட்டி, அந்த முடிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டாள். இது எங்கே ஒட்டியது என்று அவள் கேட்கவில்லை. அவர் பணம் கொடுப்பதிலேயே கவனமாக இருந்தார்.